மெர்சிங் கடலின் பச்சை

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறையில் தியோமான் தீவுக்குப் படகேறுகிறவர்கள் வழியெல்லாம் நீரின் நிறத்தைக் கவனித்துக்கொண்டே போகலாம். ஆற்றுவாயில் செம்மண் கலங்கல். கரை விலக விலக மங்கிய பச்சை. தீவுகள் நெருங்கும்போது பச்சை தெளிந்து நீலமாகிவிடும். பயணிகள் ஆசையாகப் படம் பிடிப்பது அந்த நீலத்தைத்தான். ஆனால் மெர்சிங் சந்தைக்கு வரும் மீன்களை வளர்ப்பதில் பெரும்பங்கு பச்சைக்கு. அந்தப் பச்சை, தனித்தனியே நம் கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவைகளின் நிறம். அடிமணல் தெரியுமளவு தெளிந்த வெப்பக்கடலில் அவை குறைவாக இருக்கும். அதனால்தான் அது அவ்வளவு தெளிவு.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாமல் அது இழுத்த பக்கம் போய், வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் நுண்ணுயிர்கள் அத்தனையும் தாவர மிதவைகளே. பல ஆயிரம் இனங்கள் இதில் அடங்கும். எல்லாவற்றிலும் சிறியது புரோகுளோரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 1,500-க்கு மேல் வரிசையாக அடுக்கிவிடலாம். வெப்பக்கடலின் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம் வரை இருக்கும். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் இதை மிஞ்ச உலகில் எதுவும் இல்லை. இருந்தும் இப்படி ஒன்று இருப்பது 1988-இல்தான் அறிவியல் உலகுக்குத் தெரிந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் பென்னி சிஸ்ஹோமும் ராபர்ட் ஓல்சனும் அவர்களது குழுவினரும், லேசர் ஒளியால் செல்களை எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் இதைக் கண்டுபிடித்தார்கள்.

கரையோரப் பச்சைக்கு முக்கியக் காரணம் டயட்டம் என்னும் தாவர மிதவை. நுண்ணோக்கியில் பார்க்க இதைவிட அழகான உயிர் இல்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு செல்லும் சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் வாழ்கிறது. அந்த ஓடு, மூடியும் அடியுமாகப் பொருந்தும் குங்குமச் சிமிழின் அமைப்பு. ஓடு முழுக்க ஒழுங்கான நுண்துளைகள். இனத்துக்கு இனம் கோலம் மாறும். செல் இரண்டாகப் பிரியும்போது ஒரு சேய்க்கு மூடி, மற்றதற்கு அடி. இரண்டுமே தமக்குக் கிடைத்ததை மூடியாக வைத்துக்கொண்டு உள்ளே புதிதாக ஓர் அடியைச் செய்துகொள்கின்றன. ஆகவே அடியை வாங்கிய சேய் தாயைவிடச் சற்றுச் சிறுத்துவிடும். தலைமுறை தலைமுறையாகச் சிறுத்து ஒரு கட்டத்தை எட்டியதும், பாலினப் பெருக்கத்தின் வழியே ஓடில்லாத புதிய செல் உருவாகிப் பழைய பருமனுக்கு ஊதி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சிறு ஓடுகளுக்குள் நடப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இவை செழிக்க வெயில் மட்டும் போதாது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா, துளி இரும்பு எல்லாம் வேண்டும். வெயில் மேலே இருக்கிறது. உரமோ செத்தவற்றோடு சேர்ந்து கீழே இறங்கிவிடுகிறது. ஆழ்கடலில் சூடான மேல்நீர் குளிர்ந்த கீழ்நீரின் மேல் படுத்துக்கிடப்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. மெர்சிங்கின் நிலைமை வேறு. தென்சீனக் கடலின் இந்தப் பகுதி சுண்டா திட்டு என்னும் கடலடி மேடையின் மேல் கிடக்கிறது; ஆழம் நூறு மீட்டருக்கும் குறைவு. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், இது நடந்தே கடக்கக்கூடிய தரை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது அலை இந்த ஆழமற்ற கடலைக் கலக்குகிறது. அதே மாதங்களில் மழையில் பெருகிய மெர்சிங் ஆறும் எண்டாவ் ஆறும் நிலத்தின் சத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. தீவுப் படகுகள் குறைந்து, சிறு படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் அந்த நாட்களில் மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையோரம் பச்சையம் கூடுவதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன.

வானத்திலிருந்து கடலின் பச்சையை அளக்கும் வேலை 1978-இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளோடு தொடங்கியது. 1999-இல் இந்தியா ஓஷன்சாட்-1ஐ ஏவியது. பச்சையமும் நீரின் வெப்பமும் மாறுகிற விளிம்புகளைப் பார்த்து, எங்கே மீன் கூடும் என்று ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மீனவர்களுக்குச் சொல்லி வருகிறது. தமிழகக் கரையில் வலைவீசுகிறவர்களுக்கு இது பழகிப்போன செய்தி.

நாம் இழுக்கும் மூச்சில் இரண்டில் ஒன்று கடல் தந்தது என்று எங்கும் எழுதுகிறார்கள். பாதி உண்மை. ஆண்டுதோறும் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில் நடக்கிறது என்பது சரி. ஆனால் அங்கே உண்டாகும் ஆக்சிஜன் முழுவதையும், மிகச் சிறு மிச்சம் தவிர, கடலில் மூச்சுவிடும் உயிர்களும் மட்கும் பொருள்களும் செலவழித்துவிடுகின்றன. இன்று காற்றில் இருக்கும் 21 விழுக்காடு ஆக்சிஜன் வெகு காலம் சேர்ந்த சேமிப்பு. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சை பாக்டீரியாக்களின் உழைப்பால் அது காற்றில் சேரத் தொடங்கியது. செத்தவற்றில் ஒரு சிறு பங்கு மட்காமல் சேற்றுக்குள் புதைந்தபோதெல்லாம் அதற்கு ஈடான ஆக்சிஜன் காற்றில் மிஞ்சியது. எனவே நாளைக்கே தாவர மிதவைகள் அத்தனையும் அழிந்தாலும் நமக்கு மூச்சு முட்டாது. உடனே தீரப்போவது சாப்பாடு.

கடலில் உள்ள தாவர மிதவைகளை எல்லாம் திரட்டினாலும், தரையில் உள்ள மரஞ்செடிகளின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் தரைக்கு நிகராக விளைகின்றன. சில நாட்களிலேயே பெருகி அதே வேகத்தில் தின்னப்பட்டும் விடுவதுதான் காரணம். ஆழ்கடலில் தின்னப்படாமல் மிஞ்சும் பங்கு கரிமத்தையும் தன்னோடு அடிக்கு இழுத்துச் சென்று பூமியின் சூட்டைத் தணிக்கிறது. மெர்சிங் போன்ற ஆழமற்ற கடலில் அது அடித்தரையில் மேயும் இறாலுக்கும் நண்டுக்கும் தீனி.

தெளிந்த நீலத் தீவுகளிலும் இந்த உறவினர்கள் உண்டு. பவளங்களின் சதைக்குள்ளேயே குடியிருந்து அவற்றுக்குச் சோறுபோடுபவை தாவர மிதவைக் குடும்பத்து நுண்பாசிகள். நீர் வழக்கத்தைவிட ஓரிரண்டு பாகை கூடுதலாக வாரக்கணக்கில் சூடாக இருந்தால் பவளம் அவற்றை இழந்து வெளுத்துவிடும். 2010-இல் அப்படி வெளுத்தபோது தியோமானிலும் வேறு தீவுகளிலும் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை மலேசிய அரசு மாதக்கணக்கில் மூடியது.

அளவு மிஞ்சினால் இதே உயிர்கள் கொல்லவும் செய்யும். 2014-இல் ஜோகூர் நீரிணையின் மேற்குப் பகுதியில் கார்லோடினியம் என்னும் நுண்பாசி பெருகி, கூண்டுகளில் வளர்த்த மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், மண்டபம் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் நோக்டிலுக்கா கடலைப் பச்சையாக மூடியது. நீரில் ஆக்சிஜன் வற்றி, மீன்களோடு பவளங்களும் மடிந்தன. வேறு சில இனங்கள் மனிதர்களுக்கே நஞ்சு. 1976-இல் சபாவில் பைரோடினியம் பெருகியபோது சிப்பி தின்றவர்கள் உயிரிழந்தார்கள். அந்த நஞ்சைச் சிப்பி தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. இப்படி நுண்பாசி பெருகுவது பற்றி மீன்வளத் துறை சிவப்பலை எச்சரிக்கை விடுத்தால் சிப்பி, மட்டி எதையும் வாங்காதீர்கள். சுத்தமாகக் கழுவிச் சமைத்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். தாவர மிதவையைத் துடுப்புக்காலி தின்கிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும், இறாலுக்குத் தூரத்து உறவான உயிர் அது. துடுப்புக்காலியை நெத்திலி தின்கிறது. நெத்திலியைத் தெங்கிரி என்னும் பெரிய மீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த உடலாகிறது. மற்றதெல்லாம் மூச்சிலும் ஓட்டத்திலும் கழிவிலும் போய்விடும். அப்படிப் பார்த்தால் 1 கிலோ தெங்கிரிக்குப் பின்னால் ஏறக்குறைய 1,000 கிலோ தாவர மிதவை இருக்கிறது. 1 கிலோ நெத்திலிக்கு 100 கிலோ போதும். கெம்போங் என்று சந்தையில் விற்கும் கானாங்கெளுத்தி, செவுளில் உள்ள நீண்ட முள்வரிசையால் நீரைச் சலித்து மிதவைகளையே தின்று வளர்கிறது; அதுவும் கீழ்ப்படிக்காரன்தான்.

மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்புக்கு மீன் நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மீன் அதைத் தானாகச் செய்துகொள்வது சொற்பம். நுண்பாசிகள் செய்கின்றன, துடுப்புக்காலி வழியாக, நெத்திலி வழியாக அது நம் தட்டுக்கு வருகிறது. மீன் உண்ணாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தொட்டிகளில் வளர்த்த நுண்பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது; குழந்தைகளுக்கான பால்மாவு பலவற்றில் சேர்ப்பதும் அதுவே. சகல நோய்க்கும் மருந்து என்று சொல்லி விற்கும் கடல்பாசித் துளிகளுக்கும் பொடிகளுக்கும் பணம் கொடுப்பது வீண். அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம்.

மெர்சிங் பக்கம் போனால், அல்லது உங்கள் ஊர்ச் சந்தையிலேயே, கெம்போங்கும், இக்கான் பிலிஸ் என்று விற்கும் நெத்திலியும் வாங்குங்கள். காய்ந்த பிலிஸை ஊறவைத்து உப்புப் போக அலசி, முள்ளோடு சமையுங்கள்; சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். விலையுயர்ந்த இறக்குமதி சால்மனுக்காக ஏங்க வேண்டியதில்லை. கடலின் விளைச்சலில் மிகக் குறைவாக எடுத்து மிக நிறைவாகத் தருபவை இந்தச் சிறுமீன்கள்தான்.