தினமும் உடைபடும் வடகம்

கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்துப் பெண்களிடம் தாளிப்பு வடகத்துக்குச் செய்முறை கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடி. தோல் உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து இரவு முழுக்க மூடிவை. காலையில் உருட்டிக் கத்திரி வெயிலில் போடு. அவ்வளவுதான் என்பார்கள். ஆனால் அவ்வளவு இல்லை.

இடிக்கும்போது வெங்காயத்தின் செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த நொதியும் கந்தகச் சேர்மங்களும் கலக்கின்றன. கண்ணைக் கரிக்கும் நெடி அதனால்தான். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கிறது. இரவில் கலவை லேசாகப் புளிக்கத் தொடங்கும்.

வித்தை மாலையில்தான் இருக்கிறது. பகலெல்லாம் காய்ந்த உருண்டைகளை உடைத்து, பிசைந்து, மூடிவைப்பார்கள். மறுநாள் மீண்டும் உருட்டல். ஒரு வாரம், பத்து நாள் இதே வேலை. பார்ப்பவருக்கு வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் வெயில் முதலில் உலர்த்துவது உருண்டையின் மேற்புறத்தை. அது ஓடுபோல் இறுகிவிட்டால் உள் ஈரம் வெளியேற முடியாது. மேலே காய்ந்திருக்க, நடுவில் பூசணம் பிடிக்கும். தொழிற்சாலைகளில் உணவை உலர்த்துபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. உடைத்துப் பிசைந்தால் ஈரம் சமமாகப் பரவும். இதற்கிடையே வெங்காயத்தின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெல்ல வினைபுரிவதால் உருண்டை கறுத்து, பச்சை நெடி போய் மணம் ஏறும். கடைசியில் விளக்கெண்ணெய் தடவி உருட்டி, ஜாடியில் போட்டால் வருஷம் தாங்கும். மீன் குழம்புக்கோ கீரைக்கோ கொஞ்சம் உதிர்த்துத் தாளித்தால் போதும்.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி வழியே இது பிரெஞ்சுச் சமையலறைக்கும் போனது. அங்கே பெயர் வடூவான். இன்றைய மேல்நாட்டுச் செய்முறைகள் பலவற்றில் வெங்காயத்தை வதக்கி, ஓவனில் உலர்த்தி, மசாலாப் பொடியாக்கிவிடுகிறார்கள். ருசியான பொடிதான், ஆனால் மாலை வேலை அதில் இல்லை.

நம் வீடுகளிலும் அதுதான் முதலில் தொலையும். பெரும்பாலும் மாமியாரும் அம்மாவும் பக்கத்தில் உட்காரவைத்துக் கைமாற்றிய வேலை இது; அளவை எழுதிவைத்த நோட்டில் இது ஏறியிருக்காது. இந்தக் கோடையில் வீட்டுப் பெரியவரிடம் எழுதி வாங்குகிறவர்கள் ‘பத்து நாள் காயவை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எப்போது உடைக்க வேண்டும், பிசையும்போது கையில் எவ்வளவு ஒட்ட வேண்டும், நடுவில் கோடைமழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.