தக்காளிக்குத் தடி முதலில், கன்று பிறகு

யாழ்ப்பாணத்துச் செம்மண் தறையில் தக்காளி வைத்தவர்களில் பலர் அதற்குத் தடி நாட்டியதில்லை. மாரி ஓய்ந்தபின் நட்ட கன்று நிலத்தில் படர்ந்தே காய்த்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டு, பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்குக் குடியேறிய கமக்காரக் குடும்பங்கள் தம் கைப்பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன. இந்த ஒரு பழக்கம் மட்டும் கொழும்பில் சரிவராது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். கொழும்பில் 2,400 அளவில். ஈர மண்ணில் கிடக்கும் காய் விரைவில் அழுகும். மண் தெறித்த இலையில் கருகற் புள்ளி விழும். இங்கே செடியை நிலத்தைவிட்டு எழுப்பியே ஆகவேண்டும்.

முதலில் உங்களிடம் உள்ள இனத்தைப் பாருங்கள். ரோமா போன்ற குட்டை இனங்கள் நுனியில் பூங்கொத்து வைத்து வளர்ச்சியை நிறுத்திவிடும்; அவற்றுக்கு மூன்றடித் தடி போதும். செரித் தக்காளி போன்ற நெட்டை இனங்கள் ஓயாமல் ஏறும். அவற்றுக்கு ஆறடித் தடி வேண்டும். அதில் ஓரடிக்குக் குறையாமல் மண்ணுக்குள் இறங்கவேண்டும்.

தடியைப் பிந்தி நாட்டுவதால்தான் பலர் செடியை இழக்கிறார்கள். செடி சாயத் தொடங்கியபின் அலவாங்கைத் தூக்கினால் வேர் அறுபடும். ஈரவலய மண்ணில் பற்றீரியா வாடல் நோய் உண்டு. அது வேர்க்காயத்தின் வழியாக நுழையும். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரெனத் தொங்கிவிடும். சந்தேகமானால் அடித்தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற நூல் இறங்கினால் அந்த நோய்தான். மருந்து அடித்துப் பயனில்லை. செடியை வேரோடு அகற்றுங்கள்; அந்த மண்ணில் மிளகாயும் கத்தரியும்கூட வைக்கவேண்டாம். ஆகவே கன்று நடும் அன்றே தடியை நாட்டி, மூன்று விரல் தள்ளிக் கன்றை வையுங்கள்.

ஊரில் வேலியில் முறித்த கிளுவந்தடிக்கு இங்கே எங்கே போவது? சீமைக்கிளுவை கிடைத்தால் பச்சையாக நாட்டாதீர்கள். அது தானே வேர்விட்டுத் தக்காளியின் பசளையைத் தின்னும். பட்டையை உரித்து நன்றாகக் காயவிடுங்கள். மூங்கில், கட்டட வேலையில் மிஞ்சிய சிலாகை, பழைய தண்ணீர்க்குழாய் எல்லாம் உதவும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் காற்றுத்தான் பிரச்சினை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஒற்றைத் தடியைச் செடியோடு சாய்க்கும். மூன்று தடிகளை முக்காலிபோல் சாய்த்து உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். இயன்றால் மதிலின் மறைவில் வையுங்கள்.

கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மண் முற்றம் கிடைப்பதே அரிது. பசளைப் பையிலோ பழைய வாளியிலோ நட்ட செடிக்குத் தடி உறுதியாக நிற்காது. மேலிருந்து கயிறு விடுவதே நல்லது. கூரை வளையிலோ பல்கனிக் கம்பியிலோ கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, கீழ்முனையை அடித்தண்டில் தளர்வான தடமாக முடியுங்கள்; தண்டு தடிக்க இடம் வேண்டும். கிழமைக்கு ஒருமுறை நுனியைக் கயிற்றில் ஒரே பக்கமாகச் சுற்றிவிடுங்கள். மேல்மாடிக்காரரின் கம்பியானால் கேட்டுக் கட்டுங்கள். வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் கயிற்றை அவிழ்த்து, செடியைப் பையோடு தூக்கிக்கொண்டு போகலாம். காய்த்து நின்ற தோட்டத்தை விட்டுவந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

தடியோடு கட்ட நைலோன் நூல் வேண்டாம், தண்டை அறுக்கும். பழைய சேலையையோ சாரத்தையோ விரல் அகலத்தில் கிழித்து, 8 என்ற இலக்கம்போலத் தடியில் இறுக்கியும் தண்டில் தளர்த்தியும் கட்டுங்கள். சாணுக்கு ஒரு கட்டு, இலைக்கணுவுக்குக் கீழே. காய்க்குலைக்குக் கீழே கட்டினால் குலை முறியும்.

நெட்டை இனத்தில் இலைக்கக்கத்தில் வரும் தளிர்களைச் சிறிதாக இருக்கும்போதே காலையில் கிள்ளுங்கள்; ஒன்று அல்லது இரண்டு தண்டுகளே போதும். குட்டை இனத்தில் கிள்ளவேண்டாம், காய் குறையும். சுருட்டுப் பற்றிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள். புகையிலையிலிருந்து தேமல் வைரசு தக்காளிக்குத் தொற்றும். புகையிலை செய்த நமக்கு இது புதுச் செய்தியல்ல, ஆனாலும் மறந்துபோகும்.

பூ உதிர்ந்தால் உடனே யூரியா போடாதீர்கள், இலைதான் கொழுக்கும். 1990களில் வடக்கில் யூரியா தடைசெய்யப்பட்டிருந்தபோது கைகொடுத்த கூட்டெருவே இங்கும் போதும். பூ உதிர்வதற்குப் பெரும்பாலும் இரவுச் சூடே காரணம். காலை வெயில் ஏறும் நேரத்தில் தடியை விரலால் இரண்டு மூன்று முறை தட்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். நவம்பர் தொடக்கத்தில் மழை படாத இடத்தில் நாற்றுப் போட்டு, டிசெம்பரில் நட்டால், மழை குறைந்த பெப்ரவரியில் பழம் வரும்.

பழம் ஓய்ந்தபின் தடிகளைக் கழுவி வெயிலில் காயவைத்துப் பயற்றங்கொடிக்குப் பயன்படுத்துங்கள். வாடிச் செத்த செடிக்கு நாட்டிய மரத்தடியை அடுப்பில் வையுங்கள்.