திராட்சைப் பந்தலும் சூரிய வெளிச்சமும்

திராட்சைக் கொடி தானே நிற்க வல்லதன்று. ஆயினும், பந்தலும் கம்பியும் கொடியைத் தாங்குவதற்கு மாத்திரமே என்று குடியானவர்கள் எண்ணலாகாது. இலைகளையும் மொக்குகளையும் வெளிச்சத்தில் விரித்து வைப்பதே அவற்றின் முக்கியமான வேலையாகும்.

ஓர் இலை தன்மேல் விழும் பயனுள்ள வெளிச்சத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்துவிடுகிறது. ஆகவே மூன்றாம் அடுக்கிலுள்ள இலை கொடிக்கு ஏதும் சம்பாதிப்பதில்லை. இதனினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. அடுத்த போகத்துக் குலைகளின் கரு, இப்போது வளரும் கொம்பின் மொக்குகளுக்குள்ளேயே உண்டாகிறது. அச்சமயம் கொம்பு நிழலில் கிடந்தால், குலை உண்டாகவேண்டிய இடத்தில் பற்றுக்கொடியே உண்டாகும். இக்குறை அடுத்த கவாத்திற்குப் பின்னரே வெளிப்படும். அப்பொழுது உரம் போதவில்லை என்று கருதி மேலும் உரமிட்டால், இலை இன்னும் அடர்ந்து கேடு மிகும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து ஜெனீவா என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் நெல்சன் ஷாலிஸ் என்பவர் இவ்வுண்மையைக் கான்கார்டு ரகத்தில் மெய்ப்பித்தார். அந்த ரகம் சாற்றிற்கும் மதுவிற்கும் பயிராவது. நெருங்கிக் கிடந்த கொம்புகளை 4 அடி இடைவெளியுள்ள இரண்டு கம்பிகளில் பிரித்து, இரு திரைகளைப்போல் கீழ்நோக்கித் தொங்கவிட்டார். 1966-ல் வெளியான முடிவுகளின்படி மகசூல் பெரிதும் உயர்ந்தது. பழத்தின் சர்க்கரையும் குறையவில்லை. ஆனால் இம்முறை செழித்த கொடிகளுக்கே ஏற்றது. மெலிந்த கொடிகளில் பிரிப்பதற்கு இலை மிகுதியில்லை.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பந்தலில் படர்வது. அதற்கும் இந்த நியாயமே பொருந்தும். பந்தல் வெயிலைப் பரந்து ஏற்பதால் மிகுந்த மகசூல் தரவல்லது. அடர்ந்துவிட்டாலோ, உள்ளே ஈரம் தங்கி அடிச்சாம்பல் நோய்க்கும் இடமாகும். ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. கொடியை ஒரே தண்டாகப் பந்தல் வரை ஏற்றி, நுனியைக் கிள்ளி, எதிரெதிராக இரண்டு கிளைகளை விடுக. அவற்றின் பக்கக் கிளைகளைச் சம இடைவெளியில் பரப்புக.

2. கவாத்தின்போது திடமான கொம்புகளில் 4 மொக்குகளும், மெலிந்தவற்றில் ஒன்றிரண்டும் நிறுத்துக.

3. தளிர்த்தபின், குலையில்லாத மெலிந்த கொம்புகளை அகற்றி, மற்றவற்றை ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு கம்பியில் கட்டுக.

4. உச்சிவேளையில் பந்தலின்கீழ் நின்று பார்க்க. தரையில் வெயில் புள்ளி புள்ளியாக விழுதல் வேண்டும். எங்கும் நிழலாயின் இலை மிகுதி. எங்கும் வெயிலாயின் பந்தலில் இடம் வீண்.

கல்தூணும் கம்பியும் நாட்டுவது பெருஞ்செலவு. கொம்புகளைப் பரப்பிக் கட்டுவதோ சில ஆட்கூலியோடு முடிவது. இச்சிறு செலவைச் சுருக்கினால் அப்பெருஞ்செலவின் பலன் கைக்கு வாராது. கிராம உத்தியோகஸ்தர்களும் இதனைத் தத்தம் கிராமத்துத் தோட்டக்காரர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.