வாய் லைக்கன் பிளேனஸ்: வடிவங்களும் திசு அமைப்பும்

வாய் லைக்கன் பிளேனஸ் என்பது வாயின் உட்புறச் சளிச்சவ்வில், உடலின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்களே உண்டாக்கும் நாட்பட்ட அழற்சி நோய் ஆகும். இது கிருமியால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. பெரும்பாலும் நடுத்தர வயதினருக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கும் கூடுதலாக வருகிறது. கன்னத்தின் உட்புறம், நாக்கு, ஈறு ஆகிய இடங்களில் வெண்கோடுகளாகவோ, சிவந்த திட்டுகளாகவோ, புண்களாகவோ தென்படும். இதே நோய் தோலிலும் வரும். அங்கே மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஊதா நிறத்தில் தட்டையான, அரிக்கும் பருக்களாகத் தோன்றி, ஓரிரு ஆண்டுகளில் மறைந்துவிடுவதுண்டு. வாயில் வந்தது அவ்வளவு எளிதில் விடாது. கூடியும் குறைந்தும் பல ஆண்டுகள் நீடிக்கும்.

வாயில் வெள்ளையாக எதையாவது கண்டால் எங்கள் திருவாதவூர்ப் பக்கத்தில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். சிலர் "வயிற்றுச் சூடு" என்று மணத்தக்காளிக் கீரையோடு நிறுத்திவிடுவார்கள். வேறு சிலர் புற்றுநோய் என்று முடிவு கட்டி, பயத்தில் மருத்துவமனைப் பக்கமே போகமாட்டார்கள். இரண்டும் தவறு. எந்த வெள்ளை எது என்று பிரித்தறிவதில்தான் இந்நோயைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

பெயர்

லைக்கன் என்பது பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் ஓர் உயிரினம். நம் சமையலறையில் மசாலாவுக்குச் சேர்க்கும் கல்பாசி ஒரு லைக்கன்தான். பிளேனஸ் என்றால் லத்தீனில் தட்டையானது என்று பொருள். தோலில் தட்டையாகப் படர்ந்த பருக்களைக் கண்டு லண்டனைச் சேர்ந்த தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் 1869இல் இப்பெயரை வைத்தார். பருக்களின் மேல் ஓடும் மெல்லிய வெண்கோடுகளை 1895இல் பிரெஞ்சு மருத்துவர் விக்காம் விவரித்தார். அவை இன்றும் விக்காம் கோடுகள் எனப்படுகின்றன. பெயரில் பாசி இருப்பதால் வாயில் பாசி பிடித்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

வாயில் காணும் வடிவங்கள்

டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரியாசன் 1968இல் இந்நோயை ஆறு வடிவங்களாகப் பிரித்தார். பாடநூல்கள் இன்றும் அப்பிரிவையே பின்பற்றுகின்றன. ஒரே வாயில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வடிவங்கள் இருக்கலாம்; ஒன்று மற்றொன்றாக மாறவும் செய்யும்.

மிகுதியாகக் காணப்படுவது வலைப்பின்னல் வடிவம். மாவு கரைத்துப் போட்ட இழைக்கோலம் போல, சற்றே மேடான வெண்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பின்னிக் கிடக்கும். பெரும்பாலும் இரு கன்னங்களிலும், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இந்த இருபக்க ஒப்புமை நோயறிவதில் முக்கியமான தடயம். வலியே இல்லாததால், வேறொரு பல்லுக்காகப் போனபோது மருத்துவர் சொல்லித்தான் பலருக்குத் தெரியவரும். விரலாலோ பஞ்சாலோ வழித்தால் இந்த வெள்ளை வராது. காளான் தொற்றால் படியும் வெள்ளை வழித்தால் வந்துவிடும்.

சிறுபரு வடிவம் குண்டூசித் தலையளவு வெண்புள்ளிகளாகத் தொடக்கத்தில் சில காலமே இருக்கும் என்பதால் கண்ணில் படுவது அரிது. கொப்புள வடிவமும் அரிது. கொப்புளம் விரைவில் உடைந்து புண்ணாகிவிடும்.

திட்டு வடிவம் பெரும்பாலும் நாக்கின் மேற்புறத்திலும் கன்னத்திலும் வழவழப்பான வெண்திட்டாக வரும், புகைபிடிப்போரிடம் கூடுதல். சிக்கல் இங்கேதான். புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ள லூக்கோபிளேக்கியா என்னும் வெண்படலமும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். கண்ணால் மட்டும் பார்த்து இது அதுதான், அது இதுதான் என்று எவரும் உறுதி கூற முடியாது.

மெலிவு வடிவத்தில் சவ்வு மெலிந்து, கீழுள்ள இரத்தக் குழாய்கள் தெரிவதால் செக்கச் சிவந்து காணப்படும். ஈறு முழுவதும் இப்படிச் சிவந்து தோலுரிந்தாற்போல் ஆகும்போது, பல் துலக்கக் கோளாறு என்றே பலரும் எண்ணிப் பற்பசையை மாற்றிக்கொண்டிருப்பார்கள். புண் வடிவம்தான் மிகுந்த வேதனை தருவது. மஞ்சள் படலம் மூடிய புண், அதன் விளிம்பைச் சுற்றிச் சிவப்பு, அதிலிருந்து கதிர்போலப் பிரியும் வெண்கோடுகள். புளிக்குழம்பும் ஊறுகாயும் அப்படியிருக்க, சாதாரணச் சட்னிகூட எரியும். சாப்பாட்டுக்குப் பயந்து மெலிந்துபோனவர்களும் உண்டு.

திசுவில் நடப்பது

வாயின் சவ்வில் மேலே எபிதீலியம் என்னும் செல்லடுக்கு. அதன் கீழே இரத்தக் குழாய்கள் ஓடும் இணைப்புத் திசு. எபிதீலியத்தின் கடைசி வரிசையில் நிற்பவை அடித்தளச் செல்கள். புதிய செல்கள் அங்கிருந்தே பிறந்து மேலே செல்கின்றன. லைக்கன் பிளேனஸின் தாக்குதல் இந்த வரிசையின் மீதுதான்.

நுண்ணோக்கியில் முதலில் கண்ணில் படுவது, எபிதீலியத்தை ஒட்டிக் கீழே பட்டையாகத் திரண்டிருக்கும் நிணநீர் அணுக்கள். இவை பெரும்பாலும் டி வகையைச் சேர்ந்தவை. பட்டையின் கீழ்விளிம்பு கத்தரித்தாற்போல் தெளிவாக இருக்கும். இவற்றுள் கொல்லும் திறனுள்ள அணுக்கள் அடித்தளச் செல்களை அந்நியரென்று கருதித் தாக்குகின்றன. அச்செல்கள் நீர்த்துச் சிதைகின்றன. செத்த செல்கள் இளஞ்சிவப்பு உருண்டைகளாக அங்கங்கே கிடக்கும். அவற்றுக்குச் சிவாட் உருண்டைகள் என்று பெயர். அடித்தள வரிசை சிதைவதால் எபிதீலியத்துக்கும் இணைப்புத் திசுவுக்கும் நடுவே சிறு பிளவுகள் விழலாம். பிளவு பெரிதானால் அதுவே கொப்புளம். கீழ்நோக்கி இறங்கும் எபிதீலிய மடிப்புகள் ரம்பப் பல் போல் கூராகிவிடுவதும் உண்டு. ஆனால் இது தோலில் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வாயில் எப்போதும் தெரிவதில்லை.

கண்ணால் கண்ட வடிவங்களுக்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது. மேற்பரப்பில் கெரட்டின் தடித்த இடம் வெள்ளையாகவும், எபிதீலியம் மெலிந்த இடம் சிவப்பாகவும், அது முற்றிலும் போன இடம் புண்ணாகவும் தெரிகிறது. நம்மவர் வாயில் இன்னொன்றும் பார்க்கலாம். அடித்தளச் செல்களோடு இருக்கும் மெலனின் நிறமி கீழே சிந்தி, அங்குள்ள விழுங்கணுக்களில் தங்கிவிடுவதால், வெண்கோடுகள் மறைந்த பிறகும் பழுப்பு நிறம் நெடுநாள் இருக்கும். அதைப் புது நோயென்று அஞ்ச வேண்டியதில்லை.

பயாப்சிக்குத் திசு எடுக்கும் இடமும் முக்கியம். புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் அங்கே எபிதீலியமே இருக்காது. வெண்கோடு உள்ள விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும். ஈறு உரியும் நோயாளிக்கு, பெம்ஃபிகஸ் போன்ற கொப்புள நோய்களை விலக்க, ஒளிர்சாயச் சோதனைக்கென்று இன்னொரு துண்டு தேவைப்படலாம். லைக்கன் பிளேனஸில் அடித்தளச் சவ்வையொட்டி ஃபைப்ரினோஜன் பிசிறுபிசிறாகப் படிந்திருப்பது அதில் தெரியும். இத்துண்டைப் ஃபார்மலினில் போட்டால் சோதனை கெட்டுவிடும். உலக சுகாதார நிறுவனம் 1978இல் வகுத்த அளவுகோல்கள் 2003இல் திருத்தப்பட்டபோது, எபிதீலியத்தில் செல் பிறழ்வு இருக்கக் கூடாது என்பது நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டது.

வெற்றிலைக் கோடுகளும் மருந்து விளைவுகளும்

2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை விளையும் மாவட்டம் இது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்துக் கடைவாயில் அதக்குவோரிடம், அதக்கும் இடத்திலேயே வெண்கோடுகள் விழுவதுண்டு. இந்தியாவில் வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோரிடம் இத்தகைய மாற்றங்களை ஆய்ந்து டஃப்தரி குழுவினர் 1980இல் எழுதியுள்ளனர். இழைக்கோலம் போல இவை பின்னிக்கொள்வதில்லை. உழவுச் சால் போல அருகருகே, ஒன்றையொன்று வெட்டாமல் ஓடும். மேடாகவும் இருக்காது. அதக்கும் பக்கத்தில் மட்டும் இருக்கும். பழக்கத்தை விட்டால் மங்கி மறையக்கூடும். கோடு மறைந்தாலும் பாக்கின் கேடு அதோடு முடிவதில்லை. பாக்கையே புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியது.

பாதரசக் கலவையால் பல் அடைத்த இடத்தை ஒட்டிய கன்னத்திலும், சில வலிநிவாரணிகள், இரத்த அழுத்த மருந்துகள், சர்க்கரை மாத்திரைகள் உட்கொள்வோரிடமும் லைக்கன் பிளேனஸ் போன்ற மாற்றம் வரலாம். எனவே மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு கொண்டுபோவது நல்லது. தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

புற்றுநோய் ஆபத்து

இந்நோயைப் பற்றிய முக்கியமான மக்கள்தொகை ஆய்வு ஒன்று நமக்கு அண்டை மாநிலத்தில் நடந்தது. கேரளக் கிராமத்தினர் 7,639 பேரை ஆய்ந்து பிண்ட்போர்க், மேத்தா முதலானோர் 1972இல் வெளியிட்ட கட்டுரைப்படி, 1.5 விழுக்காட்டினருக்கு வாய் லைக்கன் பிளேனஸ் இருந்தது. புகைத்தல், மெல்லுதல் இரண்டும் உடையோரிடம் 3.7 விழுக்காடு, புகையிலைப் பழக்கம் இல்லாதோரிடம் 0.3 விழுக்காடு. பின்னர் மூர்த்தி குழுவினர் இந்திய நோயாளிகள் 722 பேரைத் தொடர்ந்து கவனித்து 1986இல் எழுதினர். அவர்களுள் மூவருக்கு, அதாவது 0.4 விழுக்காட்டினருக்கு, வாய்ப் புற்றுநோய் வந்தது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தோர் ஏறக்குறைய ஒரு விழுக்காடு என்கின்றனர். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு வராது என்பது ஆறுதல். வரப்போகும் அந்த ஒருவர் யாரென்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால் எல்லோரையும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சை

முழுமையாகத் தீர்க்கும் மருந்து இல்லை. வலியில்லாத வலைப்பின்னல் வடிவத்துக்கு மருந்தே தேவைப்படாது. சிவப்பும் புண்ணும் உள்ளோருக்கு ட்ரையாம்சினலோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் புண்ணின் மேலேயே தடவத் தருவார். இதனால் காளான் தொற்று வரலாம் என்பதால், கடையில் கேட்டு வாங்கித் தாமாகத் தடவுவது தகாது. அவற்றுக்குக் கட்டுப்படாதபோது டாக்ரோலிமஸ் போன்றவை பயன்படுகின்றன. கன்னத்தை உராயும் கூர்ப்பல்லைத் தேய்த்துவிடுவதும், ஈற்றுக்காரையை நீக்குவதும், காரத்தைக் குறைப்பதும் வேதனையைத் தணிக்கும். சிலருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றோடு இந்நோய் சேர்ந்து வருவதால் இரத்தப் பரிசோதனையும் கேட்கப்படலாம்.

மதுரையில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய் மருத்துவத் துறையும் வாய் நோய்க்குறியியல் துறையும் இருப்பதால், பார்ப்பதும் பயாப்சியும் ஒரே வளாகத்தில் முடிந்துவிடும். நோய் உறுதியானவர்கள் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது வாயைக் காட்டிவர வேண்டும். இடையில் புண்ணோ சிவப்போ மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் நின்றாலும், நாக்கின் பக்கவாட்டில் விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டாலும், திட்டு ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தாலும் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்; முன்பே ஒருமுறை பயாப்சி எடுத்தாயிற்று என்றாலும் மறுபடி எடுக்கச் சொன்னால் மறுக்கக் கூடாது.