விரல் நுனியில் திறக்கும் மடை

தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட அண்ணனுக்காக ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மலம் கழிக்க, கையுறை போட்டு ஆசனவாயில் விரலை விட்டுச் சுழற்றச் சொல்கிறார்கள். இந்தக் காலத்தில் இதற்கு மருந்தே கிடையாதா?”

மாத்திரையும் உண்டு, ஆசனவாயில் வைக்கும் மருந்தும் உண்டு. ஆனால் அந்த விரல் செய்யும் வேலை எனக்கு எந்த மருந்தையும்விட வியப்பானது.

குடல் மூளையின் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை. அதன் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கில் நரம்பணுக்கள் இருக்கின்றன. பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து தள்ளுவதை அவையே பார்த்துக்கொள்ளும். 1899இல் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேயர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

சிக்கல் வாசலில்தான். மலக்குடல் ஏரி என்றால் ஆசனவாய்த் தசை அதன் மடை. மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சி தண்டுவடத்தின் அடிநுனியில் இருக்கிறார். உத்தரவு மேலே மூளையிலிருந்து ஒரு கம்பி வழியே வரும். அடி அந்த நுனிக்கு மேலே பட்டிருந்தால் அறுந்தது கம்பி மட்டுமே. நீர்பாய்ச்சி வேலையில்தான் இருக்கிறார். உத்தரவு வராததால் மடையை இறுக்கி மூடி வைத்திருக்கிறார். வழுவழுப்பான களிம்பு தடவிய விரல் 15–20 விநாடி மெல்லச் சுழலும்போது, மலக்குடல் சுவர் விரிந்த சேதி நேரே அவருக்குப் போகிறது. மடை தளர்கிறது. எந்த ஏரியும் செய்யாத காரியமாக, கரைகளே நெருங்கிவந்து உள்ளிருப்பதைத் தள்ளுகின்றன. முழுதும் வெளியேறும்வரை 5–10 நிமிடத்துக்கு ஒருமுறை சுழற்ற வேண்டும்.

அடி அந்த நுனியிலேயே பட்டிருந்தால் நீர்பாய்ச்சியே இல்லை. மடை தொளதொளவென்று கிடக்கும். சுழற்றிப் பயனில்லை, விரலால் எடுக்கத்தான் வேண்டும். அவர்களுக்கு மலம் சற்றுக் கெட்டியாக இருப்பதே நல்லது. அண்ணன் எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் முறை வேறு.

நேரமும் முக்கியம். வயிற்றில் உணவு விழுந்தால் பெருங்குடல் அசையத் தொடங்கும். தண்டுவடம் அடிபட்ட பின்னும் பலருக்கு இது ஓரளவு மிஞ்சியிருக்கும். அதனால் காலை இட்லிக்குப் பிறகு அரைமணி நேரத்தில், தினமும் அதே வேளையில் உட்கார வையுங்கள்.

இப்படி அடிபட்டவர்களைத் தண்டுவடத்தில் மின்முனை பதித்து நடக்கவைக்கும் காணொளிகள் கைபேசிகளில் சுற்றுகின்றன. ஆனால் தண்டுவடம் அடிபட்ட 681 பேரிடம் கேட்டு 2004இல் வெளியான ஆய்வில், நடப்பது முதல் ஆசையாக வரவில்லை. சிறுநீர், மலக் கட்டுப்பாடு பட்டியலில் மேலே இருந்தது. அதைப் பற்றிக் காணொளி எடுக்க ஆளில்லை.

ஒரு எச்சரிக்கை. அடி நெஞ்சுப் பகுதியின் 6ஆம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ என்றால், விரல் விடும்போதே இரத்த அழுத்தம் சட்டென எகிறலாம். மண்டை தெறிக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்கார வையுங்கள். அழுத்தம் இறங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.