ஐந்து சங்கங்கள் கூடிக் கேட்ட சட்டம்

சம்பளம் போட்ட மறுநாள் காலையில், எந்தெந்த வீட்டில் இரவெல்லாம் விளக்கு அணையவில்லை என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் பிள்ளைகளின் கண்களைப் பார்த்தே அறிந்துகொள்வோம். லயத்தில் ஒரு வீட்டில் விழும் அடி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும். ஆனால், கதவைத் தட்டுபவர் யார்? "புருஷன் பெண்சாதி சண்டை, நமக்கேன் வம்பு?" என்று பாயை விரித்துப் படுத்துவிடுவோம். நாங்களும் அப்படிப் படுத்தவர்கள்தாம், மறைப்பதற்கில்லை. சம்சுவின்மேல் பழியைப் போடுவதும் நம் வழக்கம். எவ்வளவு குடித்தாலும் மண்டோரை யாரும் அடிப்பதில்லையே, அது எப்படி?

அடிபட்ட பெண் துணிந்து போலீஸ் நிலையம் போனாலும், "இது குடும்ப விவகாரம், வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்" என்று திருப்பி அனுப்பப்பட்ட காலம் ஒன்று உண்டு. அந்த நிலையை மாற்ற வேண்டுமென்று 1985ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஐந்து அமைப்புகள் ஒன்றுகூடின. பெண் வழக்கறிஞர்கள் சங்கம் ஒன்று. பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் ஒன்று. தொழிற்சங்கக் காங்கிரஸின் மகளிர் பகுதி, சிலாங்கூர் கூட்டரசுப் பிரதேசப் பயனீட்டாளர் சங்கம், 1982இல் அமைக்கப்பட்டு, அடிபட்ட பெண்களுக்கு அடைக்கலம் தந்துவந்த பெண்கள் உதவி அமைப்பு ஆகியவை மற்ற மூன்று. படித்தவர்கள் மட்டும் கூடிய கூட்டமல்ல இது என்பதைக் கவனியுங்கள். சட்டம் தெரிந்தவர்களும், தொழிலாளரை அறிந்தவர்களும், அடிபட்டவர்களைத் தம் கையால் தேற்றியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பட்டறையும் கண்காட்சியும் நடத்தி, வீட்டு வன்முறைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் எனக் கேட்டார்கள்.

சட்டம் நிறைவேற ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஏன் இத்தனை தாமதம்? முஸ்லிம்களின் திருமண விவகாரங்கள் ஷரியா சட்டத்தின் கீழும், மற்றவர்களுடையவை சிவில் சட்டத்தின் கீழும் வருகின்றன. ஆகவே, எல்லாருக்கும் ஒரே சட்டம் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. எந்த மதத்துப் பெண்ணானாலும் அடி ஒன்றுதானே என்று சங்கங்கள் விடாமல் நின்றன. முடிவில் அந்தச் சட்டத்தைக் குற்றவியல் சட்டத்தோடு இணைத்தார்கள். குற்றம் என்று வந்துவிட்டால் அது எல்லாருக்கும் பொது அல்லவா? 1994இல் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னும் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. சங்கங்கள் மீண்டும் நெருக்கிய பிறகே, 1996 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது.

நம் குடும்பங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று அச்சட்டத்தில் இருக்கிறது. 1982 மார்ச் முதல், முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்பது சட்டம். ஆயினும், தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "பதியாத எனக்குச் சட்டம் ஏது?" என்று கேட்டு வாய்மூடிக் கிடப்பவர்களும் உண்டு. தாய்மார்களே, மத முறைப்படியோ சமூக வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால், பதியாவிட்டாலும் வீட்டு வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. மணவிலக்குப் பெற்றவர்களுக்கும் உண்டு. பதிந்துகொள்வது மற்றக் காரியங்களுக்கு அவசியம். அது வேறு விஷயம்.

2012இல் செய்த திருத்தத்தால், மனத்தை வதைப்பதும் வன்முறையாகச் சேர்ந்தது. 2017இல் செய்த திருத்தம் இன்னும் பெரிய உதவி. அடிபட்டாலும், அடிபடுவோம் என்ற பயமிருந்தாலும், சமூக நல இலாகா அதிகாரியிடமே அவசரப் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். அதற்கு நீதிமன்றம் போகவேண்டியதில்லை. போலீஸ் புகாரும் முன்கூட்டித் தேவையில்லை. அது ஏழு நாள் செல்லும். அந்த ஏழு நாளுக்குள் போலீசில் புகார் கொடுத்துவிட்டால், விசாரணை நடக்கும் காலத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவை நீதிமன்றத்தில் கேட்கலாம்.

குறை என்னவென்றால், நல இலாகா பட்டணத்தில் இருக்கிறது. நாமோ காட்டுக்குள் இருக்கிறோம். அடிபட்ட பெண் பஸ் ஏறித் தனியாகப் போவது எளிதன்று. பக்கத்து வீட்டார் ஒருவர் கூடப் போனால் அதிகாரியிடம் விவரமாகப் பேச முடியும். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காயமிருந்தால் முதலில் அரசாங்க மருத்துவமனையில் காட்டிப் பதியச் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15999. பென்சில் எடுத்து வாருங்கள், இன்னொரு முறை சொல்கிறோம்: ஒன்று, ஐந்து, ஒன்பது, ஒன்பது, ஒன்பது.