மாத்தூர் தொட்டிப் பாலம்: கம்பியும் கான்கிரீட்டும்

பக்கச் சுவரை எட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 7 அடி ஆழமுள்ள இந்தக் கான்கிரீட் தொட்டி, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் நிற்கிறது. 1966-இல் கட்டப்பட்ட இது, வாய்க்கால் நீரை ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கொண்டுபோகிறது.

தூணுக்கும் தூணுக்கும் இடையே நீரின் பாரம் தொட்டியைக் கீழே வளைக்கப் பார்க்கும். சுவர்களை வெளியே தள்ளும். கான்கிரீட்டை அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் விரிசல் விட்டுவிடும். இழுவையைத் தாங்கும் வலு, அழுத்தத்தைத் தாங்கும் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இழுவையைத் தாங்கும் வேலையை உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி ஏற்றுக்கொள்கிறது. வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் ஒன்றின் பிடி மற்றொன்றை விடுவதில்லை. இந்தப் பொருத்தம் வியப்புக்குரியது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமலும் காக்கிறது. கல்லை அடுக்கிக் கட்டியிருந்தால் ஒவ்வொரு இணைப்பும் கசிவுக்கு வழி. அச்சில் ஊற்றி வார்த்ததில் இணைப்புகள் மிகக் குறைவு.

1867-இல் பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே காப்புரிமை பெற்றதும் கம்பி வைத்த சிமெண்ட் தொட்டிக்குத்தான், செடி வளர்ப்பதற்காக.

சுவரில் பெயர் செதுக்காதீர்கள். அந்தக் கீறல் வழியே ஈரம் புகுந்தால் கம்பி துருவேறிப் பருக்கும், கான்கிரீட் பெயர்ந்து விழும்.